‘சே’யா, ‘டெல்’லா? ஆங்கிலத்தில் குழப்பும் சொற்களில் சரியானதைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் வாசித்தால் புரிகிறது. எழுத உட்கார்ந்தால் மட்டும் இங்கே ‘சே’ வருமா ‘டெல்’ வருமா, ‘சின்ஸ்’ வருமா ‘ஃபார்’ வருமா என்று கை நின்றுவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்காக எழுதியது இது.

மாலை நேர வகுப்பில் பாடம் எடுக்கும்போது நான் பார்ப்பது இதுதான்: பொருள் கேட்டால் டக்கென்று சொல்வார்கள், வாக்கியத்தில் வைக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். படிப்பில் குறை இல்லை, படித்த வரிசையில்தான் கோளாறு. பொருளை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு, சொல் எந்த இடத்தில் உட்காரும் என்பதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

“தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்திலேயே யோசி” என்ற அறிவுரை இங்கே இருக்காது. ஆரம்பத்தில் அது யாருக்கும் நடக்காத காரியம். யோசனை தமிழில் வந்தால் வரட்டும். அந்தத் தமிழ் வாக்கியத்தில் இருக்கும் உருபே பல இடங்களில் சரியான ஆங்கிலச் சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த வேற்றுமையும் தன்வினை பிறவினையும் இங்கேதான் உதவப்போகின்றன.

ஒரு எச்சரிக்கை. இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். காரணம் எட்டாவது பகுதியில் இருக்கிறது.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் தமிழ் வாக்கியம், வலப்பக்கம் ஆங்கில வாக்கியம்.

அப்புறம், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று எழுதிய ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி ஒன்று. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் மூன்றுமே கற்பவர்களுக்கான அகராதிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. விளக்கம் புரியுமா என்ற பயம் வேண்டாம். லாங்மேன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களை மட்டும் வைத்தே எல்லாவற்றையும் விளக்குகிறது.

ஆங்கிலம்–தமிழ் அகராதி ஏன் போதாது? வாசிக்கும்போது அது நல்ல துணை. தேர்ந்தெடுக்கும்போது கைவிட்டுவிடும். ‘சே’க்கும் ‘சொல்’, ‘டெல்’லுக்கும் ‘சொல்’. ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ மூன்றுக்கும் ‘பார்’. எந்த இடத்தில் குழம்பினீர்களோ அதே இடத்தில் கொண்டுவந்து விட்டுவிடும்.

1. பட்டியலை உங்கள் தவறுகளிலிருந்தே எடுங்கள்

இணையத்தில் ‘குழப்பும் நூறு சொற்கள்’ என்று தேடினால் நிறையக் கிடைக்கும். அவற்றில் பல ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காகத் தயாரித்தவை. அவர்களுக்குக் குழப்பம் எழுத்தில்தான் வரும். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ‘ப்ரின்சிபல்’களில் எது தலைமையாசிரியர், எது கொள்கை என்பது அவர்களுடைய பிரச்சினை. ‘சின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்வதே இல்லை. நம் பிரச்சினை அந்தப் பட்டியலில் இருக்காது.

ஆகவே நீங்கள் ஏற்கெனவே எழுதிய ஆங்கிலத்தை எடுங்கள். மின்னஞ்சல், வாட்ஸாப் செய்தி, விண்ணப்பம், எதுவானாலும் சரி. எதுவும் இல்லையென்றால் நேற்று நடந்ததைப் போனில் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து, அப்படியே எழுதுங்கள். நேற்றைய கதை ஏன் என்றால், “அவர் சொன்னார், நான் கேட்டேன், பார்த்தேன், கொடுத்தேன்” எல்லாம் அதில்தான் தானாக வரும். பெரும்பாலான குழப்பங்கள் இந்த அன்றாட வினைகளில்தான் இருக்கின்றன.

தயங்கிய இடங்களையும் குறியுங்கள். தற்செயலாகச் சரியாக வந்தது அடுத்த முறை தவறாக வரலாம்.

நோட்டில் சொல்லை மட்டும் எழுதக் கூடாது, வாக்கியத்தையே எழுத வேண்டும். தனியாக எழுதிய சொல்லில் எங்கே தவறினோம் என்ற தடயம் இருக்காது.

2. குழப்பம் எந்த வகை என்று பிரியுங்கள்

“ஐ யாம் லீவிங் இன் மதுரை” என்று எழுதியவருக்கு ‘லிவ்’ என்றால் வாழ்வது, ‘லீவ்’ என்றால் கிளம்புவது என்று நன்றாகவே தெரியும். காதும் நாக்கும்தான் கலந்துவிட்டன. அவரைப் பொருள் படிக்கச் சொல்லிப் பயனில்லை. அதனால் மருந்துக்கு முன் வகை.

நம்மவர்களுக்கு வருவது பெரும்பாலும் நான்கு வகை. ஒரே தமிழ்ச் சொல்லுக்குப் பல ஆங்கிலச் சொற்கள் இருப்பது. தானாக நடப்பதற்கும் ஒருவர் நடத்துவதற்கும் தனித்தனிச் சொல் இருப்பது. தமிழ்ப் பேச்சில் கலந்து பொருள் மாறிப்போன ஆங்கிலச் சொற்கள். கடைசியாக, ஒலியோ எழுத்தோ ஒட்டியிருப்பவை. உங்கள் பட்டியலில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே வகையை எழுதுங்கள். முதல் வகைதான் அதிகம் வரும், அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

3. தமிழ் வாக்கியத்தை முழுசாக எழுதி உருபைப் பாருங்கள்

‘கேள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பாட்டும் கேட்கிறோம், சத்தமும் கேட்கிறது, வழியும் கேட்கிறோம், கடனும் கேட்கிறோம். வினை ஒன்றுதான். ஆனால் வாக்கியங்களை முழுசாக எழுதினால் வேறுபாடு வெளியே வந்துவிடும்.

எனக்குச் சத்தம் கேட்கிறது: ‘ஐ கேன் ஹியர் எ நாய்ஸ்.’
நான் பாட்டுக் கேட்கிறேன்: ‘ஐ யாம் லிசனிங் டு எ சாங்.’
நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: ‘ஐ ஆஸ்க்டு ஹிம் எ கொஸ்டின்.’
நான் அவரிடம் பணம் கேட்டேன்: ‘ஐ ஆஸ்க்டு ஹிம் ஃபார் மனி.’

‘எனக்கு’ என்று தொடங்கினால் காதில் தானாக விழுகிறது, அது ‘ஹியர்’. ‘நான்’ என்று தொடங்கி, எதிரே ஆள் இல்லாமல் கேட்கப்படும் பொருள் மட்டும் இருந்தால் ‘லிசன்’. ‘அவரிடம்’ என்று ஆள் வந்துவிட்டால் ‘ஆஸ்க்’. அதிலும் பதிலை எதிர்பார்க்காமல் பொருளை எதிர்பார்த்துக் கேட்டால் ‘ஃபார்’ சேரும்.

இண்டர்வியூவில் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் “ஹியரிங் சாங்ஸ்” என்று சொல்பவர்கள் ஏராளம். கேட்பவருக்கு அது பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் சத்தம் ஜன்னல் வழியாக வந்து விழுவது மாதிரி இருக்கும். விரும்பி உட்கார்ந்து கேட்பதானால் ‘லிசனிங் டு சாங்ஸ்’.

‘இடம்’ என்ற உருபில் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் ‘அவரிடம்’ என்று வருவதால் ஆங்கிலத்திலும் எதையாவது சேர்க்கத் தோன்றும். “ஐ ஆஸ்க்டு டு ஹிம்” என்று பலர் எழுதுவது அதனால்தான். ‘ஆஸ்க்’ பக்கத்தில் ஆள் நேராக வந்து உட்காருவார், நடுவில் ‘டு’ வராது.

‘பார்’ என்பதற்கும் இதே சோதனை. ‘எனக்கு மலை தெரிகிறது’ என்றால் ‘சீ’. ‘நான் போர்டைப் பார்க்கிறேன்’ என்றால் ‘லுக் அட்’. ‘நான் மேட்ச் பார்க்கிறேன்’ என்றால் ‘வாட்ச்’. பின்னிரண்டுக்கும் வித்தியாசம், பார்க்கப்படுவது நடந்துகொண்டிருக்கிறதா என்பது. போட்டோவை ‘லுக் அட்’, வீடியோவை ‘வாட்ச்’. ‘டாக்டரைப் பார்த்தேன்’, ‘நண்பனைப் பார்த்தேன்’ போன்றவை மட்டும் விலக்கு. ‘பார்த்தேன்’ என்பதை எடுத்துவிட்டு ‘சந்தித்தேன்’ என்று போட்டாலும் பொருள் மாறவில்லையா? அப்படியானால் ‘சீ’ போடுங்கள்.

எல்லாச் சொல்லுக்கும் தமிழ் இப்படிக் கைகொடுக்காது. ‘நிழல்’ என்பதில் உருபு எதையும் சொல்லாது. மரத்தடியில் ஒதுங்கினால் ‘ஷேட்’, சுவரில் உங்கள் உருவம் விழுந்தால் ‘ஷேடோ’. ‘கால்’ என்றால் கணுக்காலுக்குக் கீழே ‘ஃபுட்’, மேலே ‘லெக்’. ‘வேலை’ என்றால் சம்பளம் தரும் பதவி ‘ஜாப்’, செய்யும் காரியம் ‘வொர்க்’. ‘எ ஜாப்’ சரி, ‘எ வொர்க்’ என்று வேலையைச் சொல்ல முடியாது, அது எண்ண முடியாத பெயர். இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். நல்லவேளையாக எண்ணிக்கை குறைவு.

‘ரொம்ப’ மட்டும் தனி ரகம். ‘காபி ரொம்பச் சூடு’ என்பதன் பின்னால் ‘குடிக்க முடியலை’ என்று சேர்த்துப் பாருங்கள். நீங்கள் சொல்லவந்தது அதுதான் என்றால் ‘டூ’, இல்லையென்றால் ‘வெரி’. “யுவர் மதர் இஸ் டூ நைஸ்” என்றால் அம்மாவின் நல்ல குணமே தொந்தரவாக இருக்கிறது என்பது போல ஆகிவிடும்.

4. தானாக நடக்கிறதா, ஒருவர் நடத்துகிறாரா என்று கேளுங்கள்

பெட்ரோல் விலை உயர்ந்தது. நிறுவனங்கள் விலையை உயர்த்தின. தமிழில் இவ்விரண்டையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் முதலாவது ‘ரைஸ்’, இரண்டாவது ‘ரெய்ஸ்’. சோதனை ஒரே கேள்வி: “எதை?” என்று கேட்டால் பதில் வருகிறதா? உயர்த்தின, எதை? விலையை. ‘ஐ’ உருபு வந்துவிட்டது, ‘ரெய்ஸ்’ போடுங்கள். உயர்ந்தது, எதை? பதில் இல்லை, ‘ரைஸ்’.

இதே கேள்வி ‘ரிமெம்பர்’, ‘ரிமைண்ட்’ இரண்டையும் பிரிக்காது. இரண்டிலும் பதில் வரும். அங்கே ‘யாருக்கு ஞாபகம்?’ என்று பாருங்கள். எனக்கே ஞாபகம் இருந்தால் ‘ரிமெம்பர்’. எனக்கு இன்னொருவர் ஞாபகப்படுத்தினால் ‘ரிமைண்ட்’. “ரிமெம்பர் மீ டு கால் ஹிம்” என்பது தவறு. ‘ரிமைண்ட் மீ டு கால் ஹிம்’.

கடன் விவகாரமும் இப்படித்தான். ‘பாரோ’ என்றால் வாங்குவது, ‘லெண்ட்’ என்றால் கொடுப்பது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் “பாரோ மீ யுவர் பென்” என்றுதான் வாயில் வரும். வாக்கியத்தின் எழுவாய் யார் என்று பார்க்காததால் வரும் தவறு இது. எழுவாயின் கைக்குப் பொருள் வந்தால் ‘பாரோ’: ‘கேன் ஐ பாரோ யுவர் பென்?’ எழுவாயின் கையை விட்டுப் போனால் ‘லெண்ட்’: ‘கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?’ இரண்டிலும் பேனா உங்களிடம்தான் வரப்போகிறது. மாறியது எழுவாய் மட்டும்.

‘வளர்’, ‘வளர்த்து’ என்பதில் பலர் விழுவதைப் பார்த்திருக்கிறேன். “என்னை வளர்த்தது பாட்டிதான்” என்பதை “மை கிராண்ட்மதர் க்ரூ மீ” என்று எழுதுவார்கள். ‘க்ரோ’ என்ற சொல் செடியையும் பயிரையும் தாடியையும் வளர்ப்பதற்குச் செல்லும். பிள்ளையை வளர்க்க ‘ரெய்ஸ்’ அல்லது ‘பிரிங் அப்’. ‘மை கிராண்ட்மதர் ப்ராட் மீ அப்.’ பிள்ளை தானாக வளர்ந்தால் ‘க்ரோ அப்’.

இந்த வகையில் மிகவும் தொல்லை தருவது ‘லை’, ‘லே’. படுப்பது ‘லை’, கிடத்துவது அல்லது வைப்பது ‘லே’. நிகழ்காலத்தில் ‘எதை?’ சோதனை சரியாக வேலை செய்யும். இறந்தகாலத்தில்தான் சிக்கல். ‘லை’யின் இறந்தகாலம் ‘லே’. ‘லே’யின் இறந்தகாலம் ‘லெய்டு’. அதாவது ‘நேற்றுச் சீக்கிரமே படுத்தேன்’ என்பதற்கு ‘லே டவுன்’ என்றே வரும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இதில் அடிக்கடி தடுமாறுவார்கள். அதனால் இதைக் கடைசியில் படித்தால் போதும். பொய் சொல்வதும் ‘லை’தான், ஆனால் அதன் இறந்தகாலம் ‘லைடு’.

5. காலத்தைச் சொல்லும் சொற்களைத் தனியாக எடுங்கள்

இவை சின்னச் சொற்கள். தவறாகப் போட்டால் பேருந்தையே தவறவிடலாம்.

‘2015-லிருந்து’, ‘காலையிலிருந்து’ என்று ‘இருந்து’ ஒட்டினால் ‘சின்ஸ்’. ‘பத்து வருஷமா’, ‘ரெண்டு நாளா’ என்று ‘ஆ’ ஒட்டினால் ‘ஃபார்’. ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ என்பது நம் ஊரில் வெகுவாகப் புழங்குகிறது, ஆனால் தேர்வில் மதிப்பெண் போய்விடும். செயல் இன்னும் தொடர்ந்தால் இரண்டுக்குமே வினை பெரும்பாலும் ‘ஹேவ் பீன்’ என்று மாறும் என்பதையும் இப்போதே சேர்த்துப் படியுங்கள். தமிழில் ‘இங்கே வேலை பார்க்கிறேன்’ என்று நிகழ்காலம் வருவதால் “ஐ யாம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015” என்று எழுதத் தோன்றும். ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’ என்பதே சரி.

‘ரெண்டு நாளைக்கு முன்னாடி’ என்பது “பிஃபோர் டூ டேஸ்” ஆகிவிடுவது தமிழ் பேசுபவர்களின் முத்திரைத் தவறு. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘டூ டேஸ் அகோ’, எண்ணுக்குப் பின்னால்தான் ‘அகோ’ வரும். ‘பிஃபோர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சியோ குறிப்பிட்ட நேரமோ வேண்டும்: ‘பிஃபோர் தி எக்ஸாம்’, ‘டூ டேஸ் பிஃபோர் தி வெட்டிங்’. எதிர்காலத்திலும் இதே கதை. ‘ரெண்டு நாள் கழிச்சு வரேன்’ என்றால் ‘ஐ வில் கம் இன் டூ டேஸ்’.

‘வெள்ளிக்கிழமை வரை’, ‘வெள்ளிக்கிழமைக்குள்’ இரண்டும் தமிழில் வேறு. ஆங்கிலத்திலும் வேறு. ‘வரை’ வந்தால் ‘அன்டில்’, அதுவரை ஒரு செயல் நீள்கிறது. ‘உள்’ வந்தால் ‘பை’, அதற்கு முன் ஒருதரம் முடிந்தால் போதும். ‘ரெண்டு நாளுக்குள்’ என்று நாளின் அளவு வந்தால் மட்டும் ‘விதின்’. “ஐ வில் ஃபினிஷ் அன்டில் ஃப்ரைடே” என்று மேலாளருக்கு எழுதினால், வேலை என்றைக்கு முடியும் என்று அவருக்குப் புரியாது.

6. பின்னால் வருவதையும் சேர்த்தே படியுங்கள்

தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன யாரையாவது கூப்பிட்டு லீவ் லெட்டர் எழுதச் சொல்லுங்கள். ‘ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். ‘சஃபர்’ பக்கத்தில் ‘வித்’ வருமா ‘ஃப்ரம்’ வருமா என்று ஒருவரும் யோசிப்பதில்லை. ஏன்? அந்தச் சொல்லை அவர் தனியாகப் படிக்கவே இல்லை, வரியாகவே படித்தார், பலமுறை எழுதினார். மற்றச் சொற்களையும் அதே வழியில்தான் படிக்க வேண்டும்.

‘சே’, ‘டெல்’ இரண்டையும் இப்போது எடுக்கலாம். இதில் பொருள் வித்தியாசத்தைத் தேடாதீர்கள், ஏறக்குறைய இல்லை. ‘டெல்’ பக்கத்தில் உடனே ஆள் வர வேண்டும்: ‘ஹி டோல்டு மீ’. ‘சே’ பக்கத்தில் சொன்ன செய்தி வரும்: ‘ஹி செட் தட் ஹி வாஸ் டயர்டு’. ஆளைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘டு’ போட்டு, ‘ஹி செட் டு மீ’. “ஹி செட் மீ” என்று வராது. கதை, உண்மை, பொய் போன்ற சிலவற்றைச் சொல்ல மட்டும் ஆள் இல்லாமலும் ‘டெல்’ வரும்: ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் தி ட்ரூத்’, ‘டெல் எ லை’. நோட்டில் எழுத வேண்டியது இந்த வரிகளைத்தான்.

‘எனக்கு விளக்குங்கள்’ என்பது ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ ஆகாது, ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதில் ‘பற்றி’ இருப்பதால் “டிஸ்கஸ் அபவுட்” என்று வரும். ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது, ‘வி டிஸ்கஸ்டு இட்’ போதும். ‘டாக்’ என்றால் ‘அபவுட்’ வேண்டும்.

இதை எங்கே சரிபார்ப்பது? அகராதியில் சொல்லின் கீழே தடித்த எழுத்தில் ‘டெல் சம்படி சம்திங்’ என்பது போல ஒரு வாக்கிய அமைப்பு இருக்கும். பலரும் அதைத் தாண்டி விளக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். முதலில் அதைப் பாருங்கள், பிறகு எடுத்துக்காட்டு வாக்கியம், கடைசியில் விளக்கம். கூகுளில் தேடி எதற்கு அதிக முடிவு வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது வேண்டாம். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதியவர்களும் இணையத்தில் எக்கச்சக்கமாக இருக்கிறார்கள்.

7. தமிழ்ப் பேச்சில் கலந்த ஆங்கிலத்தைச் சந்தேகப்படுங்கள்

தெரியாத சொல்லை அகராதியில் பார்ப்போம். தெரிந்த சொல்லைப் பார்க்க மாட்டோம். ஆபத்து அங்கேதான்.

‘வண்டி ரிப்பேர்’ என்றால் நமக்கு வண்டி கெட்டுவிட்டது. ஆங்கிலத்தில் ‘ரிப்பேர்’ என்றால் கெட்டதைச் சரிசெய்வது. “மை பைக் இஸ் ரிப்பேர்” என்பதைக் கேட்பவருக்குத் தலைகீழாகப் புரியும் அல்லது புரியவே புரியாது. ‘மை பைக் ஹேஸ் ப்ரோக்கன் டவுன்’ என்று சொல்லுங்கள். கடையில் ‘கவர் குடுங்க’ என்று கேட்பது ஆங்கிலத்தில் ‘பேக்’. ‘கரண்ட் போயிடுச்சு’ என்பது ‘பவர் கட்’. ‘லைட்டைப் போடு’ என்பதற்கு ‘புட்’ மட்டும் போதாது, ‘ஸ்விட்ச் ஆன்’ அல்லது ‘டர்ன் ஆன்’. ‘வீட்டுக்கு பேக்சைடுல’ என்று சொல்வதை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் எதிரே இருப்பவர் சிரிப்பை அடக்கிக்கொள்வார், அந்தச் சொல் உட்காரும் உறுப்பைக் குறிக்கும். ‘பிஹைண்ட் தி ஹவுஸ்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

‘ஹோட்டல்’, ‘டவுட்’ போன்றவை வேறு விஷயம். நம் ஊரில் ஹோட்டலில் சாப்பிடுவோம், டவுட் கேட்போம். இந்தியாவுக்குள் பேசும்போது இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, இந்திய ஆங்கிலத்தில் இது இயல்பான வழக்கு என்பது என் கருத்து. வெளிநாட்டுக்காரரிடம் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் அவர் சொன்னதையே நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’. சாப்பிடும் இடம் ‘ரெஸ்டாரண்ட்’. கேட்பவர் யார் என்று பார்த்துச் சொல்லை மாற்றுங்கள்.

8. ஒலியாலும் எழுத்தாலும் குழம்புபவற்றுக்குக் காதைப் பழக்குங்கள்

நோட்டில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதாதீர்கள் என்றேனே, காரணம் இதோ. ‘பேக்’ என்று எழுதிவைத்தால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, கேக் சுடுவதா? நான்கும் நான்கு ஆங்கிலச் சொற்கள், நான்கும் வேறு ஒலி. தமிழ் எழுத்தில் ஒன்றுதான். ப, ட, க எல்லாமே இப்படி இரட்டை வேலை பார்க்கின்றன. அகராதியில் ஸ்பீக்கர் குறியை அழுத்திக் கேளுங்கள், திரும்பச் சொல்லுங்கள். அது போதும்.

‘ச’ ஒலியில் வரும் குழப்பமும் இதுதான். ‘அட்வைஸ்’ இரண்டு உண்டு. கடைசியில் சி எழுத்து உள்ளது அறிவுரை, பெயர்ச்சொல், ஒலி சாதாரண ‘ஸ்’. எஸ் எழுத்து உள்ளது அறிவுரை சொல்வது, வினை, ஒலி இசட். ‘லூஸ்’ என்பதும் இரண்டு. ஒரு ஓ இருந்தால் தொலைப்பது அல்லது தோற்பது, இசட் ஒலி. இரண்டு ஓ இருந்தால் தளர்வானது, ‘ஸ்’ ஒலி. ஒலியைப் பிடித்துவிட்டால் எழுத்து தானாக வரும்.

குறில் நெடில் நமக்குப் பழக்கம் என்பதால் ‘லிவ்’, ‘லீவ்’, ‘ஷிப்’, ‘ஷீப்’, ‘ஃபுல்’, ‘ஃபூல்’ ஆகியவற்றை நாம் கொஞ்சம் கவனித்தாலே பிரித்துவிடலாம். மற்ற மொழிக்காரர்கள் சிலர் இதற்குப் படாத பாடு படுகிறார்கள்.

எழுத்தில் மட்டும் மாறுபவற்றுக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ‘இட்ஸ்’ என்பதில் எஸ் எழுத்துக்கு முன்னால் மேலே போடும் சின்னக் குறி (அப்பாஸ்ட்ரஃபி) வருமா என்ற சந்தேகம் வந்தால் ‘இட் இஸ்’ என்று விரித்து வாசியுங்கள். பொருந்தினால் குறி உண்டு, பொருந்தாவிட்டால் இல்லை. ‘இட் ஹேஸ்’ என்று விரிந்தாலும் உண்டு. ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ இரண்டில் ஏ எழுத்தில் தொடங்குவது பாதிப்பது, வினை. இ எழுத்தில் தொடங்குவது விளைவு, பெயர். அரிதான விலக்குகள் உண்டு, ஆரம்பத்தில் அவை தேவையில்லை. போனில் உள்ள எழுத்துப்பிழை திருத்தியை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பல நேரம் அது வாயைத் திறக்காது.

9. சோடியைச் சேர்த்துப் படிக்காதீர்கள்

பட்டியல் தயாரானதும் எல்லாரும் செய்வது, ‘பாரோ’வையும் ‘லெண்ட்’டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரே நாளில் படிப்பது. படித்து முடித்ததும் தெளிவாக இருப்பது போலத் தோன்றும். மறுநாள் எது வாங்குவது, எது கொடுப்பது என்று மாறிவிடும். பொருளில் நெருங்கிய புதுச் சொற்களைச் சேர்த்துப் படித்தவர்கள் அதிகம் குழம்பியதை 1990களில் டிங்க்ஹம் என்ற ஆய்வாளர் செய்த சோதனைகளும், பிறகு ஜப்பானியர்களை வைத்து வாரிங் என்ற ஆய்வாளர் அதைத் திரும்பச் செய்த சோதனையும் காட்டின.

அதனால் சோடியில் உங்களுக்கு அதிகம் தேவைப்படும் சொல்லை மட்டும் முதலில் எடுங்கள். ஒரு வாரம் ‘பாரோ’ மட்டும். பேனா, குடை, நூறு ரூபாய், பைக் எல்லாவற்றையும் ‘கேன் ஐ பாரோ’ போட்டே கேளுங்கள். நாக்கில் ஊறியபின் ‘லெண்ட்’டைச் சேருங்கள். ‘சே’, ‘டெல்’ என்றால் ‘டெல் மீ’யிலிருந்து தொடங்கலாம், பேச்சில் உடனே பயன்படுவது அதுதான்.

10. தமிழிலிருந்து எழுதிச் சோதியுங்கள்

கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி ஓரளவுக்குத்தான் உதவும். அதில் இரண்டு சொல்லையும் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். பேசும்போது யாரும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். நோட்டின் வலப்பக்கத்தைத் தாளால் மூடிக்கொண்டு, இடப்பக்கத் தமிழைப் பார்த்து வேறு தாளில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு வாய்விட்டு வாசியுங்கள். கண்ணுக்குத் தப்பிய தவறு பல நேரம் காதில் உறுத்தும்.

முதல் சோதனைக்கு இந்த வாக்கியங்களை வைத்துக்கொள்ளலாம்:

மூன்று நாளாகக் காய்ச்சல்.
மூன்று நாளைக்கு முன்னால் அவனைப் பார்த்தேன்.
நாளைக்குள் பணத்தைத் தந்துவிடு.
நாளை வரை பணத்தை வைத்துக்கொள்.
அம்மா என்னிடம் ஒரு கதை சொன்னாள்.
கையை உயர்த்து.
எனக்கு நீ பேசுவது கேட்கவில்லை.
பாட்டி மாத்திரையை ஞாபகப்படுத்தச் சொன்னாள்.

வரிசையாக ‘ஃபார்’, ‘அகோ’வுடன் ‘சீ’, ‘பை’, ‘அன்டில்’, ‘டெல்’, ‘ரெய்ஸ்’, ‘ஹியர்’, ‘ரிமைண்ட்’ வந்திருக்க வேண்டும். கடைசி வாக்கியத்தில் ‘சொன்னாள்’ என்பதற்கும் ஒரு சொல் போட்டிருப்பீர்கள். ஒருவரை ஒன்றைச் செய்யச் சொன்னால் ‘டெல்’ அல்லது ‘ஆஸ்க்’: ‘ஷி ஆஸ்க்டு மீ டு ரிமைண்ட் ஹர்’. ‘செட்’ போட்டிருந்தால் ஆறாவது பகுதிக்குத் திரும்புங்கள்.

மறுநாளே சோதித்தால் எல்லாம் சரியாக வரும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து நாள் விட்டு, வாக்கியங்களின் வரிசையை மாற்றி எழுதுங்கள். தவறியதை அடித்துவிட்டு மேலே திருத்தாமல், அதே சொல்லுக்கு உங்கள் வாழ்க்கையிலிருந்தே புதிதாக ஒரு தமிழ் வாக்கியம் எழுதி இடப்பக்கத்தில் சேருங்கள். பழைய வாக்கியத்தையே திரும்பத் திரும்ப எழுதினால் அந்த வாக்கியம்தான் மனப்பாடமாகும். மூன்று தடவை தொடர்ந்து சரியாக வந்த சொல்லை நோட்டிலிருந்து நீக்கிவிட்டு, அதன் சோடியை எடுங்கள்.